பிளானட் கோஸ்டரில் க்யூ கட்டக் கற்ற கதை

தீம் பார்க் கட்டி நடத்தும் கம்ப்யூட்டர் கேமான பிளானட் கோஸ்டரை வாங்கிய முதல் மாதம் முழுக்க நான் கட்டியது ரோலர் கோஸ்டர்கள் மட்டும்தான். க்யூ என்றால் ரைடில் ஆட்கள் ஏறும் ஸ்டேஷன் வாசலிலிருந்து பாதைவரை ஒரு கோடு இழுத்துவிடுவேன், அவ்வளவுதான். கூட்டம் வந்தது, காசும் வந்தது. ஆனால் பார்க்குக்கு உயிரே இல்லை. காலி மைதானத்தில் பொம்மைகளைப் பரப்பிய மாதிரி இருந்தது. ஒருநாள் தற்செயலாக க்யூவில் நின்ற ஒருவரைக் கிளிக் செய்து, அவர் கண்வழியே காட்டும் கேமராவுக்குள் போய்விட்டேன். இரண்டு பக்கமும் வெறும் புல், எதிரே ஸ்டேஷனின் மொட்டைச் சுவர். பாவம், அந்த மனிதர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.

அன்றிலிருந்து வந்த பழக்கம், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மேலேயிருந்து இறங்கி ஆள் உயரத்தில் நின்று பார்ப்பது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அப்புறம், யாரைப் பார்த்துக் கற்பது? ஆட்டக்காரர்கள் தாங்கள் கட்டியதைப் பகிரும் ஸ்டீம் வொர்க்‌ஷாப்பிலிருந்து அடுத்தவர் கட்டியதை இறக்கி வைத்துப் பார்த்தேன். பார்க் அழகானது, எனக்கு ஒன்றும் வரவில்லை. பிறகு நிஜ பார்க்குகளின் க்யூவில் நடந்துகொண்டே எடுத்த வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, நோட்டில் வரைந்தேன். கலிபோர்னியா டிஸ்னிலேண்டில் 1995இல் திறந்த இண்டியானா ஜோன்ஸ் ரைடின் க்யூவை மட்டும் இரண்டு வாரம் படித்தேன். அந்த ரைடின் பெரிய கட்டடம் பார்க்கைச் சுற்றி ஓடும் ரயில் பாதைக்கு வெளியே இருக்கிறது. அதுவரை ஆட்களை நடத்திக் கூட்டிப்போக வேண்டும். அந்த நடையைத்தான் கோயிலாகவும் குகையாகவும் மாற்றியிருக்கிறார்கள். வழியில் ஒரு மூங்கில் கம்பு நிற்கும். அசைத்தால் கூரையே இறங்குவதுபோல் சத்தம் வரும்.

அதே டிஸ்னிலேண்டில் 1969இல் திறந்த ஹாண்டட் மேன்ஷன் என்ற பேய் பங்களா ரைடிலும் இதே சிக்கல்தான். வெளியே தெரியும் பங்களா சின்னது. உள்ளே கூரை உயர்வதுபோல் காட்டும் அறை உண்மையில் கீழே இறங்கும் லிஃப்ட். இறங்கியவர்கள் ரயில் பாதைக்கு அடியில் நடந்து பின்னால் இருக்கும் பெரிய கட்டடத்துக்குப் போகிறார்கள். நானோ அதுவரை இருட்டு ரைடு (கட்டடத்துக்குள் இருட்டில் வண்டியில் போகும் ரைடு) முழுவதையும் பங்களாவுக்குள்ளேயே திணிக்கப் பார்த்து, பங்களாவைக் கல்யாண மண்டபம் அளவுக்கு ஊதவைத்திருந்தேன். இப்போது முன்னால் சின்ன முகப்பு, பின்னால் மங்கலான பச்சையில் ஒரு கொட்டகை, நடுவே மண்மேடும் மரங்களும்.

க்யூவின் நீளத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 24 இருக்கை உள்ள கோஸ்டர் ரயில் நிமிடத்துக்கு ஒன்று கிளம்பினால் மணிக்கு 1,440 பேர். அரை மணி நேரக் காத்திருப்பு என்றால் க்யூவில் 720 பேர். அந்தக் கணக்கை நம்பி நீளமாகப் போட்டேன், பாதிக்குமேல் காலியாகக் கிடந்தது. இப்போது நாலைந்து ரயிலுக்கான ஆட்கள் நிற்கும் அளவுக்கே உண்மையான க்யூ. பக்கத்தில் வெறும் கம்பி வேலியால் வளைவுகள் போட்டு, நுழையும் இடத்தில் சங்கிலி மாட்டிவிடுவேன். பார்ப்பவர்களுக்கு அது விடுமுறை நாள் கூட்டத்துக்கான இடம்.

கட்டடத்துக்கு வந்தால், கேமின் சுவர்த்துண்டு 4 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம். அப்படியே இரண்டு மாடி அடுக்கினால் கீழே நடப்பவர்கள் எறும்பாகிவிடுவார்கள். டிஸ்னிலேண்டின் மெயின் ஸ்ட்ரீட்டில் மேல்மாடிகளைக் கீழ்த்தளத்தைவிடச் சிறிதாகக் கட்டியிருக்கிறார்கள். நான் மேல்மாடியைத் தனிக் கட்டடமாகத் தொடங்கி, ஒரு மீட்டர் கீழே இறக்கிச் சொருகி, சின்ன ஜன்னல் வைக்கிறேன். முகப்பில் ஒரு பகுதியை அரை மீட்டர் முன்னால் இழுக்கிறேன். இல்லையென்றால் எதைக் கட்டினாலும் ஹாஸ்டல் மாதிரிதான் இருக்கிறது.

க்யூவின் அலங்காரத்துக்கு கேம் ஒரு சதவீதம் காட்டும். அதை 100 ஆக்கப் பீப்பாயும் பெட்டியுமாகக் குவித்தேன். சதவீதம் ஏறியது, இடம் காயலான் கடையானது. இப்போது பொருள்களைத் திருப்பங்களில் மட்டும் வைக்கிறேன், நடப்பவரின் கண் அங்கேதான் போகிறது. மற்ற இடங்களில் மின்விசிறி, குப்பைத்தொட்டி, ஊழியர் கதவு, கூரையிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய் போதும். குழாயைச் சும்மா நினைக்காதீர்கள். தண்ணீர் எங்கே போகும் என்று யோசித்த பிறகுதான் என் கூரைகளுக்குச் சரிவே வந்தது.

இன்னொன்று: ரைடிலிருந்து வெளியேறும் பாதையை முதலிலேயே போட்டுவிடுங்கள். க்யூவையும் கட்டடத்தையும் முடித்துவிட்டு அதற்கு இடம் தேடி, இரண்டு முறை மொத்தத்தையும் இடித்திருக்கிறேன்.