பிரிக்காத ஒன்பது கவர்கள்

போன டிசம்பரின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, சட்டை அலமாரியின் அடி இழுப்பறையில் கிடந்த கவர்களை அள்ளி வந்து சாப்பாட்டு மேசையில் போட்டேன். மொத்தம் பதினொன்று. அவற்றில் ஒன்பதின் ஓரம்கூடக் கிழிபடவில்லை. எல்லாம் கிரெடிட் கார்டு கணக்குகளும் வங்கிக் கடிதங்களும். உள்ளேயிருந்து வந்த என் மனைவி மேசையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இவற்றை ஏன் பிரிக்கவே இல்லை?"

பிரித்தால் தெரிந்துவிடுமே என்பதுதான் உண்மையான பதில். சொல்ல வெட்கமாக இருந்தது. "நேரம் கிடைக்கவில்லை" என்றேன். அவள் எதுவும் பேசாமல் கத்தரிக்கோலை எடுத்து வந்து கொடுத்தாள்.

அந்த வருடம் முழுக்க என் கைப்பேசி மேசையில் ஒருமுறை அதிர்ந்தாலே அடிவயிறு இழுத்துக்கொள்ளும். வேலையில் கவனம் சிதறியது. ஒரே கடிதத்தைத் தப்பான இணைப்போடு இரண்டு முறை அனுப்பியிருக்கிறேன். வயதாகிறது போலும் என்று சமாதானம் செய்துகொண்டேன். 2013-ல் சயன்ஸ் இதழில் வெளியான ஓர் ஆய்வைப் பிற்பாடு படித்தேன். கரும்பு விவசாயிகளுக்கு, அறுவடைக்கு முன் கை வறண்டிருக்கும் நாட்களிலும் அறுவடைப் பணம் வந்த பிறகும் சிந்தனைத் திறன் தேர்வு வைத்திருக்கிறார்கள். அதே ஆட்கள், பணம் வருவதற்கு முன் எழுதியபோது குறைவாகவே எடுத்தார்கள். அவர்கள் பாட்டையும் மாதச் சம்பளக்காரனான என் பாட்டையும் ஒன்றாக வைப்பது நியாயமில்லை. ஆனாலும் என் தலைக்குள் எந்நேரமும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்று செய்தது பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஒரு தாள், மூன்று பத்தி: யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி. இரண்டரை மணி நேரம் பிடித்தது. அதில் பாதி, மறந்துபோன கடவுச்சொற்களை மீட்பதில் போனது. கூட்டிப் பார்த்தால் நான் மனத்தில் வைத்திருந்த தொகையைவிடக் கணிசமாக அதிகம். அதைப் பார்த்துவிட்டு என் மனைவி கேட்டாள்: "இதற்காகவா ஆறு மாதமாக என்னிடம் எரிந்து விழுந்துகொண்டிருந்தீர்கள்?" பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுத் தன் கைப்பேசியை என் பக்கம் நகர்த்தினாள். "என்னிடமும் ஒன்று இருக்கிறது." எனக்குத் தெரியாமல் தவணையில் வாங்கிய பொருள், இன்னும் நான்கு தவணை பாக்கி. அதையும் தாளில் எழுதினோம். தொகை கூடியிருந்தது. இருந்தும் அன்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் கிரெடிட் கார்டை எடுத்துக்கொண்டேன். மாதந்தோறும் குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டி வந்தவன் நான். ஒழுங்கானவன் என்ற நினைப்பும் உண்டு. வட்டி மாதத்துக்கு 3 சதவீதம். 3-ஐ 12-ஆல் பெருக்கி 36 என்று நினைத்திருந்தேன். வட்டிக்கு வட்டி சேர்ந்தால் வருடத்துக்கு 42.6 ஆகிறது. குறைந்தபட்சத் தொகை நிலுவையில் 5 சதவீதம். அதில் பெரும்பகுதியை வட்டியே விழுங்கிவிடும். அசலில் கழிவது 2 சதவீதம் சொச்சம்தான்.

ஒரு விரிதாள் போட்டு மாதம் மாதமாக இழுத்துப் பார்த்தேன். புதிதாக ஒரு குண்டூசிகூட வாங்காமல் குறைந்தபட்சத்தை மட்டும் கட்டிக்கொண்டு போனால், கடன் பாதியாக 32 மாதம் ஆகும். அதற்குள் மொத்தக் கடனைப் போல 1.2 மடங்கு கட்டி முடித்திருப்பேன். அப்போதும் பாதி அப்படியே நிற்கும். சூட்சுமம், அந்தக் குறைந்தபட்சத் தொகை நிலுவையோடு சேர்ந்து தானும் குறைந்துகொண்டே வருவதில் இருக்கிறது. இந்த மாதம் கொஞ்சம் குறைவாகக் கட்டினால் போதும் என்று அது சலுகை காட்டுவது போலத் தோன்றும். அந்தச் சலுகையை ஏற்காமல், முதல் மாதம் கட்டிய அதே தொகையை மாறாமல் கட்டினால் என்ன ஆகும் என்று அடுத்த பத்தியில் போட்டுப் பார்த்தேன். 30 மாதத்தில் மொத்தக் கடனும் பூஜ்யம். முதல் மாதத்தில் இரண்டுக்கும் நயா பைசா வித்தியாசம் இல்லை. தொடக்க நிலுவையில் 10 சதவீதத்தை மாதாமாதம் கட்டினால் 12 மாதத்தில் ஏறக்குறைய முடிந்துவிடும். அந்தத் தாளை அச்செடுத்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன்.

வட்டி அதிகமான கடனை முதலில் அடை என்பதுதான் கணக்குச் சொல்லும் வழி. நான் அப்படிச் செய்யவில்லை. ஒரு நண்பரிடம் கைமாற்றாக வாங்கியது ஒன்று இருந்தது. வட்டி கிடையாது, அவர் ஒருமுறைகூடக் கேட்டதும் இல்லை. ஆனால் அவர் பெயர் திரையில் தெரிந்தால் எடுக்கத் தயங்குவேன். இரண்டு விசேஷங்களுக்குப் போகாமல் இருந்ததற்கும் அதுதான் காரணம். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் கார்டுக்கு அந்த மாறாத தொகையை மட்டும் கட்டிவிட்டு, ஒதுக்க முடிந்ததையெல்லாம் சேர்த்து அவர் கடனை அடைத்தேன். அதனால் கார்டு வட்டி கொஞ்சம் கூடுதலாகப் போயிருக்கும். போகட்டும். இந்த ஒரு விஷயத்தில் கணக்கைக் கேட்டிருந்தால் நண்பரை இழந்திருப்பேன்.

மார்ச்சிலிருந்து முழு வேகமும் கார்டுமேல்தான். புதுச் செலவுக்கு அதைத் தொடக் கூடாது என்றும் முடிவு செய்தோம். இது வைராக்கியத்துக்காக மட்டும் அல்ல. பழைய நிலுவை நிற்கும்போது, புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாக் காலம் பொதுவாகக் கிடைக்காது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். எத்தனையோ வருடங்களாக வைத்திருக்கும் அட்டையைப் பற்றி இது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

சறுக்கிய கதையும் உண்டு. ஜனவரி முதல் தேதி ஒரு நோட்டுப் போட்டு, தேநீர் வரைக்கும் எழுத ஆரம்பித்தேன். 19-ஆம் தேதி நின்றுபோனது. நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்து இரவு பதினொரு மணிக்குச் சில்லறைக் கணக்கு எழுதுவது ஒரு தண்டனை. பிப்ரவரியில் அதைத் தலைகீழாக்கினோம். செலவு போக மிச்சத்தை ஒதுக்குவதற்குப் பதிலாக, சம்பளம் வந்த மறுநாளே கடனுக்கும் சேமிப்புக்கும் உரியவை தானாகவே கணக்கிலிருந்து போய்விடும்படி வங்கியில் உத்தரவு கொடுத்தேன். கையில் நிற்பது அந்த மாதச் செலவுக்கு. எதில் போனது என்று யாரும் எழுத வேண்டியதில்லை. அந்தச் சமயத்தில்தான், நான் எட்டு மாதமாகக் காலடியே வைக்காத உடற்பயிற்சிக் கூடத்துக்கு மாதாமாதம் சந்தா போய்க்கொண்டிருந்ததும் தெரிந்தது. ரத்துச் செய்யக் கூச்சமாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இன்னும் போவேன் என்று நம்பிக்கொண்டிருந்தவன்தானே.

எங்களை வருடாவருடம் கவிழ்த்தது மாதச் செலவு அல்ல. காப்பீட்டு பிரீமியம், பள்ளிக் கட்டணம், வண்டிப் பராமரிப்பு, வீட்டு வரி. எல்லாம் போன வருடம் அதே மாதத்தில் வந்தவைதான்; இருந்தும் ஒவ்வொன்றையும் எதிர்பாராத செலவு என்றே சொல்லிவந்தோம். கார்டுக் கடனின் பெரும்பகுதி இவற்றால் முளைத்தது. பழைய கணக்கைப் புரட்டி எல்லாவற்றையும் கூட்டி, 12-ஆல் வகுத்து, அதைத் தனிக் கணக்கில் போட ஆரம்பித்தோம். மார்ச்சில் பிரீமியம் வந்தபோது அந்தக் கணக்கில் பாதிகூட இல்லை. இரண்டு மாதமே சேர்த்தால் எப்படி இருக்கும்? முதல் வருடத்தில் மட்டும், அந்தச் செலவு வருவதற்குள் எத்தனை மாதம் இருக்கிறதோ அதனால் வகுக்க வேண்டும். மார்ச்சில் வருவதை 12-ஆல் அல்ல, 2-ஆல். பள்ளிக் கட்டணத்துக்கு அப்படியே செய்தோம். அதனால் ஏப்ரலும் மே மாதமும் கழுத்தைப் பிடித்தன, ஆனால் கட்டணம் கட்டும் நாளில் கார்டைத் தேடவில்லை.

அவசர கால நிதியாக மூன்று முதல் ஆறு மாதச் செலவு கையில் இருக்க வேண்டும் என்பார்கள். கடனோடு இருப்பவனுக்கு அது மலைப்பைத்தான் தரும். அரை மாதச் செலவு என்று வைத்துக்கொண்டோம். ஆகஸ்டில் சலவை இயந்திரத்தின் மோட்டார் போனபோது அது சரியாகப் போதுமானதாக இருந்தது.

நவம்பரில் கார்டு நிலுவையை முழுதாகக் கட்டினேன். டிசம்பர் கணக்கில் மறுபடியும் ஒரு சிறு வட்டி! கொதித்துப்போய் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தேன். கணக்கு அச்சான தேதிக்கும் நான் பணம் கட்டிய தேதிக்கும் இடையே ஓடிய வட்டி அது, அடுத்த கணக்கில்தான் தெரியும் என்றார்கள். நிலுவையைத் தூக்கி வந்தவர்களுக்கு இப்படித்தான் வால்போல ஒன்று வருமாம். கட்டினேன். கட்டி முடித்துவிட்டோம் என்று அடுத்த கணக்கைப் பார்க்காமல் விட்டிருந்தால், அந்தச் சில்லறைக்குத் தாமதக் கட்டணமும் சேர்ந்திருக்கலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அதே மேசையில் தாளோடு உட்கார்ந்தோம். தாளில் இருந்த வங்கித் தனிநபர் கடனில் 14 தவணை பாக்கி. அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த அச்சுத்தாளைக் கிழிக்கப் போனேன், இருக்கட்டும் என்றாள் என் மனைவி. பல் மருத்துவரை வருடச் செலவுப் பட்டியலில் சேர்க்க மறந்திருந்தோம். அதற்கு ஏப்ரல் வரை நேரம் இருக்கிறது. 4-ஆல் வகுத்து எழுதிவிட்டோம்.