வலி கீழே, சூத்தை மேலே: ஒரு கடைவாய்ப்பல் சிகிச்சை அனுபவம்

இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல் வலிக்கிறது என்று சொல்லித்தான் யாழ்ப்பாண நகரிலுள்ள ஒரு பற்சிகிச்சை நிலையத்திற்குச் சென்றேன். தொடக்கத்தில், வெறுந்தேநீருடன் பனங்கட்டியைக் கடிக்கும்போது அந்தப் பக்கம் சுள்ளென்று குத்தி, உடனே அடங்கிவிடும். பின்னர் அடங்காமல் நீடிக்கத் தொடங்கியது. குளிர்நீர் பட்டால் நெடுநேரம் விண்விண்ணென்று தெறித்தது. இரவில் படுத்ததும் காதுவரை ஏறியது. எழுந்து உட்கார்ந்தால் சற்றுத் தணிந்தது. எது பட்டால் வலிக்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, தூக்கத்தைக் கலைக்கிறதா, கடித்தால் வலிக்கிறதா என்பவற்றையே வைத்தியரும் முதலில் கேட்டார். பல்வலியுடன் செல்பவர்கள் இவற்றுக்கு விடை தெரிந்துகொண்டு செல்வது மிகவும் பயன்தரும்.

நான் காட்டிய பல்லை மட்டும் அவர் பார்க்கவில்லை. குளிரூட்டிய பஞ்சை மேலும் கீழுமாக ஒவ்வொரு பல்லிலும் வைத்துப் பார்த்தார். கண்ணாடியின் கைப்பிடியால் மெதுவாகத் தட்டினார். கீழ்ப்பற்களில் குளிர் பட்டுச் சில நொடிகளில் மறைந்தது. மேல் முதலாம் கடைவாய்ப்பல்லில் வைத்தபோதோ, பஞ்சை எடுத்த பின்னரும் அரை நிமிடத்திற்கு மேல் வலி நின்றது. இரு பற்களுக்கு இடையில் தொடங்கிய சூத்தை, பற்கூழை (பல்லின் நடுவே நரம்பும் இரத்தக்குழாய்களும் உள்ள மென்மையான பகுதியை) எட்டியிருப்பதை எக்ஸ்ரே காட்டியது. மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் முக்கிளை நரம்பின் கிளைகளே செல்வதாலும், பற்கூழிலுள்ள நரம்பிழைகளால் இடத்தைத் துல்லியமாக உணர்த்த முடியாததாலும், ஒரே பக்கத்தில் மேல்வலி கீழ்வலியாகத் தோன்றுவது வழமை என்று அவர் விளக்கினார். நான் சுட்டிய பல்லையே நம்பி எவராவது பிடுங்கியிருந்தால், நல்ல பல் போயிருக்கும், வலியோ அப்படியே இருந்திருக்கும்.

பற்கூழ் கடினமான சுவருக்குள் அடைபட்டிருப்பதால், அது அழற்சியடையும்போது வீங்குவதற்கு இடமில்லை. படுத்தவுடன் தலைக்கு இரத்த அழுத்தம் கூடுவதால் வலியும் கூடுகிறது. குளிர் விலகியதும் வலியும் விலகும் நிலையில் சூத்தையை அகற்றிப் பல்லை அடைத்தாலே போதும். எனது பல் அந்த நிலையைத் தாண்டியிருந்தது.

பெரியம்மா, மருந்தகத்தில் அன்ரிபயோட்டிக் குளிசை வாங்கிப் போடச் சொன்னார். உயிருள்ள நரம்பின் அழற்சி வலியை அது குறைக்காது என்றும், தொற்றுப் பரவி வீக்கமோ காய்ச்சலோ வந்தால்தான் அதற்கு வேலை உண்டு என்றும் வைத்தியர் தெளிவாகச் சொன்னார். கராம்பு எண்ணெய் சற்று நேரம் மரக்கச் செய்யும், அவ்வளவுதான். பனடோல் எடுப்பதானால், வளர்ந்தவர்கள் 24 மணி நேரத்தில் 500 மில்லிகிராம் குளிசைகள் எட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது. சிகிச்சையின்றி வலி தானாக நின்றால் மகிழ வேண்டாம். நரம்பு இறந்து, தொற்று வேர்நுனிக்கு இறங்கிக்கொண்டிருக்கலாம். தாடைக்குக் கீழே வீக்கம், காய்ச்சல், விழுங்கவோ வாயைத் திறக்கவோ சிரமம் என்றால் விடியும்வரை காத்திராமல், யாழ். போதனா வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே செல்ல வேண்டும்.

எனக்கு முன் இரண்டு வழிகள் இருந்தன: பல்லைப் பிடுங்குவது, அல்லது வேர்க்குழாய் சிகிச்சை செய்து காப்பாற்றுவது. முரசுக்கு (ஈறுக்கு) வெளியே போதிய உறுதியான பல் மிஞ்சியிருந்ததால் இரண்டாவதைத் தேர்ந்தேன். விறைப்பூசி போட்டதும் வலி தெரியவில்லை. உமிழ்நீர் உட்செல்லாதவாறு இறப்பர்த் தாள் ஒன்றைப் பல்லைச் சுற்றி இட்டு, நுண்ணிய அரங்களால் குழாய்களைச் சுத்தம் செய்து, கிருமிகளைக் கொல்லும் சோடியம் ஹைப்போகுளோரைட்டுக் கரைசலால் பலமுறை கழுவினார். மேல் முதலாம் கடைவாய்ப்பல்லுக்கு வழக்கமாக மூன்று வேர்கள். ஆனால் நான்காவது குழாய் ஒன்று பெரும்பாலும் மறைந்திருக்கும், அதைத் தவறவிட்டால் தொற்று மீளும் என்பதால் அதைத் தேடுவதிலேயே நெடுநேரம் செலவிட்டார். அந்தப் பொறுமைக்கு நான் இன்றும் நன்றியுடையவன். கல்சியம் ஹைதரொட்சைட்டு மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்து, அடுத்த முறை கட்டாபெர்ச்சா என்ற இறப்பர் போன்ற பொருளால் குழாய்களை நிரப்பினார். பின்னர் சில நாட்கள் கடிக்கும்போது நோவு இருந்தது, அது இயல்பானதே. நரம்பு நீக்கிய கடைவாய்ப்பல் எளிதில் பிளக்கும் என்பதால், மேலே உறை போடும்வரை மறுபக்கத்தாலேயே சாப்பிட்டேன்.

பிறகு அம்மாவுக்கும் கடைவாய்ப்பல் வலி வந்தது. அவருடைய பல் முரசுக்குக் கீழேயே வெடித்திருந்ததால் உறை நிற்க இடமில்லை. பிடுங்குவதுதான் சரி என்றார் அதே வைத்தியர். அம்மா இரத்தத்தை ஐதாக்கும் குளிசை எடுப்பவர். அதை நாமாக நிறுத்தாமல் முன்கூட்டியே வைத்தியரிடம் சொன்னோம். சர்க்கரை அளவையும் பார்த்துக்கொண்டு சென்றோம். பஞ்சை இறுகக் கடித்து இரத்தத்தை நிறுத்தி, முதல் நாள் வாய் கொப்பளிக்காமல் இருந்து, மறுநாள் முதல் உப்புநீரால் கொப்பளித்தார். இடைவெளியை வெறுமையாக விட்டால் பக்கத்துப் பற்கள் சாய்ந்துவிடக்கூடும் என்பதால், கழற்றி மாட்டும் பல்லா, பாலம் போன்ற நிலையான பல்லா, தாடையெலும்பில் பொருத்தும் பல்லா என்று கேட்டறிந்தோம். செலவையும் எலும்பின் நிலையையும் பார்த்து, காயம் நன்கு ஆறிய பின் கழற்றி மாட்டும் பல்லே போதும் என்று அம்மா முடிவு செய்திருக்கிறார்.