எபெட்ஸ் ஃபீல்ட் அட்டை மாடல்: பெட்ஃபோர்ட் அவென்யூ சுவர் முடிந்தது

நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த எபெட்ஸ் ஃபீல்ட் பேஸ்பால் மைதானத்தை 1:300 அளவில் அட்டையில் செய்துகொண்டிருக்கிறேன். இப்போதைக்கு வலப்பக்கச் சுவர் தயார்.

இந்தச் சுவருக்காகவே இந்த மைதானத்தைத் தேர்ந்தெடுத்தேன் என்றுகூடச் சொல்லலாம். புரூக்ளின் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் உரிமையாளர் சார்லஸ் எபெட்ஸ் துண்டு துண்டாக மனை வாங்கிச் சேர்த்து 1913இல் திறந்த மைதானம் இது. நான்கு பக்கமும் தெரு. வலது பக்கம் பெட்ஃபோர்ட் அவென்யூ குறுக்கே வந்துவிட்டதால் மட்டையாளரிடமிருந்து அந்த மூலை 297 அடிதான். இடது மூலையோ 348 அடி. மாடலில் 30 சென்டிமீட்டர், 35 சென்டிமீட்டர். தூரம் கொடுக்க முடியாததை உயரத்தில் ஈடுகட்டினார்கள்: 19 அடி சுவர், அதன்மேல் இன்னொரு 19 அடிக்குக் கம்பி வலை.

சுவரின் கீழ்ப்பாதி சாய்வு, மேல்பாதி செங்குத்து. மவுன்ட் போர்டில் நடுவே பாதி ஆழத்துக்குக் கத்தியால் கீறி மடித்தேன். கம்பி வலைக்குக் கொசுவலை சரிப்படவில்லை, இந்த அளவில் ஒவ்வொரு கண்ணும் ஜன்னல்போலத் தெரிகிறது. தையல் கடையில் கிடைக்கும் மெல்லிய நெட் துணிதான் பொருந்தியது. ஃபெவிகாலைப் பல்குத்தும் குச்சியால் ஓரத்தில் மட்டும் தொட்டு வைக்கவேண்டும். இல்லையென்றால் கண்கள் அடைத்துக்கொள்ளும்.

காய்ந்ததும் ஒரு பாசிமணியைச் சுண்டிவிட்டுப் பார்த்தேன். செங்குத்தில் பட்டால் நேராகத் திரும்புகிறது, சாய்வில் பட்டால் மேலே துள்ளுகிறது, மடிப்பில் பட்டால் எங்கே போகுமென்றே சொல்ல முடியாது. இதையெல்லாம் கணித்துப் பிடித்த டாட்ஜர்ஸின் வலப்பக்க ஃபீல்டர் கார்ல் ஃபுரில்லோமீது மரியாதை கூடிவிட்டது.

ஸ்கோர்போர்டுக்கு அடியில் துணிக்கடைக்காரர் ஏப் ஸ்டார்க்கின் விளம்பரப் பலகையையும் ஒட்டியாயிற்று. பந்து பலகையில் பட்டால் அடித்தவருக்கு ஒரு சூட் இலவசம். முன்னால் ஃபீல்டர் நிற்கும்போது எத்தனை சூட் போயிருக்கும்! கெட்டிக்கார வியாபாரி, பின்னாளில் புரூக்ளின் பரோவுக்கு, அதாவது அந்த நகரப் பிரிவுக்கே, தலைவராக ஆனார்.

மைதானத்தில் ஆள் பொம்மைகள் வைக்கப்போவதில்லை. முதல் பேஸில் மட்டும் ஒரு குண்டூசி. நவீன மேஜர் லீக் பேஸ்பாலின் முதல் கறுப்பின வீரரான ஜாக்கி ராபின்சன், 1947 ஏப்ரல் 15 அன்று தன் முதல் ஆட்டத்தில் நின்ற இடம் அது.

டாட்ஜர்ஸ் அணி 1957 சீசனோடு லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய்விட்டது. 1960இல் மைதானத்தை இடித்தபோது, கிரேனில் தொங்கவிட்டு இடிக்கும் இரும்புக் குண்டுக்குப் பேஸ்பால் போலவே வண்ணம் பூசியிருந்தார்கள். அதை அஞ்சலி என்பதா, குசும்பு என்பதா? இப்போது அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு. இங்கேதான் எபெட்ஸ் ஃபீல்ட் இருந்தது என்று சொல்லும் கல் ஒன்று அதன் சுவரில் இருக்கிறது. 2009இல் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் திறந்த சிட்டி ஃபீல்ட் பேஸ்பால் மைதானத்தின் முகப்பு எபெட்ஸ் ஃபீல்டைப் பார்த்துக் கட்டியது. அதன் நுழைவு மண்டபத்துக்கு ராபின்சன் பெயர்.

நான் அடுத்துச் செய்யவேண்டியதும் பழைய வட்ட நுழைவு மண்டபம்தான். 80 அடி விட்டம், மாடலில் 8 சென்டிமீட்டர். உள்ளே பேஸ்பால் மட்டைகளைக் கைகளாக வைத்த சரவிளக்கு தொங்கியது. அந்த மட்டை ஒவ்வொன்றும் இங்கே சில மில்லிமீட்டர்தான் வரும், கூரை போட்டால் யார் கண்ணிலும் படாது. கூரையைக் கழற்றி மாட்டும்படி வைக்கலாமா என்று பார்க்கிறேன். அதற்கு முன் வளைவு ஜன்னல்களை வெட்டி முடிக்கவேண்டும்.