ஏழாம் செடி

பிப்ரவரி 3
மூன்று வார பெட்டூனியா நாற்று, 24. செடியின் ஜீன் துண்டு ஒன்றை வைரஸில் செருகி உள்ளே விட்டால், செடி தன் அதே ஜீனையும் சேர்த்து அடக்கிவிடும். அதுதான் திட்டம். நுனித் தளிரைக் கிள்ளி, காயத்தின் மேல் ஒவ்வொரு சொட்டு அக்ரோபாக்டீரியம், வைரஸைச் செடிக்குள் கொண்டுபோகும் பாக்டீரியா. அது சுமக்கும் டொபாக்கோ ராட்டில் வைரஸின் ஒரு பாதி ஒரு குடுவையில், மறு பாதி இன்னொன்றில் இருந்தது. சொட்டு விடும் முன் இரண்டையும் சமமாகக் கலந்து மூன்று மணி நேரம் இருட்டில் வைத்தேன். அதுவரை வேறு வேலை ஓடவில்லை. ஏழாம் செடியில் சொட்டு வழுக்கி மண்ணில் விழுந்தது. இன்னொன்று விட்டேன்.

பிப்ரவரி 4
செடி வளரும் சேம்பர் 20 டிகிரி. சரி.

பிப்ரவரி 19
எல்லாம் பச்சை. நான் எடுத்தது சால்கோன் சிந்தேஸ், பூவின் ஊதா நிறத்துக்கு வேண்டிய ஜீன். அதை அடக்கினால் பூ வெளுக்கும்; பூவில்தான் தெரியும், இலையில் தெரியாது. தெரிந்தும் தினமும் லென்ஸோடு போய் நிற்கிறேன். பக்கத்து மேசைக்காரர்கள் எடுத்தது பைட்டோயீன் டிசாச்சுரேஸ், அடக்கினால் இலையே வெளுக்கும் ஜீன். அவர்கள் இலை வெளுக்க ஆரம்பித்துவிட்டது. பொறாமைதான்.

பிப்ரவரி 21
காலையில் 26 டிகிரி! எத்தனை மணி நேரம் அப்படி இருந்ததோ. இந்தச் செடிக்குக் குளிர்ச்சியில்தான் அடக்கம் நன்றாக நடக்கும். யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

பிப்ரவரி 25
ஒப்பிடுவதற்காக, ஜீன் துண்டு எதுவும் செருகாத வெற்று வைரஸ் கொடுத்தவைதான் மோசம். கருகல், குட்டைத் தண்டு; இரண்டு செத்தே போயின. ஒப்பிட வைத்ததே நோயாளி. செடியில் இல்லாத ஒளிர்ப்புரத ஜீனின் துண்டு ஒன்றை அதில் செருகியிருக்கலாம். இப்போது சொல்லி என்ன.

மார்ச் 9
மொட்டு.

மார்ச் 14
மூன்றாம் செடி, முழு ஊதா. பதினொன்றும் ஊதா. சாப்பிடவில்லை.

மார்ச் 16
ஏழு! பாதி வெள்ளை, பாதி ஊதா. சத்தமாகவே சிரித்துவிட்டேன். 1990-இல் நிறத்தைக் கூட்ட இதே ஜீனை இன்னொரு பிரதி வைக்கப்போய் வெள்ளைப் பூ வாங்கினார்களே, அதுவும் பெட்டூனியாதான்.

மார்ச் 16, இரவு
தூக்கம் இல்லை. எனக்கு வேண்டியது நிறம் இல்லை, பூவை வாட வைக்கும் எத்திலீன். அதை உண்டாக்கும் ஏசிசி ஆக்சிடேஸ் ஜீனின் துண்டையும் ஏழாம் செடிக்குக் கொடுத்த அதே வைரஸில் சேர்த்திருக்கிறேன். வெள்ளை இருக்கும் இடத்தில் அதுவும் அடங்கியிருக்கும் என்பது கணக்கு. ஆனால் எத்திலீன் வாயு ஆயிற்றே. ஊதாப் பக்கம் உண்டாவது வெள்ளைப் பக்கத்துக்கும் போகும், கோட்டைப் பார்த்து நிற்காது. அப்படியானால் பாதிப் பூ எனக்கு உதவாது. முழு வெள்ளை வேண்டும். அது கிடைத்தாலும் அடுத்த சந்தேகம்: நிறத்தை மட்டும் அடக்கிய செடிகளில் இதுவரை ஒரு வெள்ளைப் பூகூட இல்லை. எதோடு ஒப்பிட?

மார்ச் 17
20 டிகிரி.

மார்ச் 22
ஏழின் அடுத்த பூ, விளிம்புவரை வெள்ளை. பக்கத்தில் ஓர் ஊதாப் பூ. ஊதாவின் மகரந்தத்தையே இரண்டுக்கும் வைத்தேன், காலை 11 மணி. மகரந்தம் பட்டால் இது சீக்கிரம் வாடும். பார்ப்போம்.

மார்ச் 23
இரண்டும் அப்படியே. மூன்று தடவை போய்ப் பார்த்தேன்.

மார்ச் 24
ஊதா ஓரத்தில் சுருங்குகிறது. வெள்ளை நிமிர்ந்து நிற்கிறது. என் கண்ணுக்கு அப்படியா, நிஜமாகவே அப்படியா? போட்டோ எடுத்துவிட்டேன். திரும்பும்போது பார்த்தேன், சேம்பர் 23 காட்டுகிறது.