இரண்டாம் வகுப்பில் வாசிப்பு தட்டுகிறதா? எங்கே தட்டுகிறது என்று பார்த்துச் சரிசெய்த வழி

பாடத்தைக் கடகடவென ஒப்பிக்கிற பிள்ளை, அதே பக்கத்தின் நடுவிலிருந்து ஒரு சொல்லைக் காட்டினால் விழிக்கிறது. இரண்டாம் வகுப்பு அரையாண்டை ஒட்டித்தான் பெரும்பாலான வீடுகளில் இது கண்ணில் படுகிறது. உடனே டியூஷன், இல்லாவிட்டால் பத்து முறை எழுது என்ற தண்டனை. இந்த இரண்டுக்கும் போகாதீர்கள். ‘படிக்க வரவில்லை’ என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்தால்தான் வேலை நடக்கும்.

அதை வீட்டிலேயே 15 நிமிடத்தில் பார்த்துவிடலாம். பிள்ளை பசியோ தூக்கக் கலக்கமோ இல்லாமல் இருக்கும் காலை நேரம் நல்லது. முதலில் 15 உயிர்மெய் எழுத்துகளைத் துண்டுத்தாளில் கலைத்து எழுதிக் காட்டுங்கள். க, கா, கி என்று வரிசையாகக் காட்டினால் பாட்டாகச் சொல்லிவிடும். அடுத்து படம், வீடு, தொடு, கை போன்ற சின்னச் சொற்கள். பிறகு ‘மொபி’, ‘தேலு’, ‘கைடா’ என்று பொருளே இல்லாத சில சொற்கள். இவற்றை ஊகித்துச் சொல்ல முடியாது, எழுத்தைப் பார்த்துத்தான் படித்தாக வேண்டும். கடைசியாக, பள்ளியில் இன்னும் நடத்தாத பாடத்திலிருந்து நான்கு வரி, படத்தை மறைத்துவிட்டு. பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். இந்தச் சோதனையின்போது திருத்த வேண்டாம்.

இன்னொரு பாதியும் உண்டு. ஒரு சின்னக் கதையை நீங்கள் வாசித்துக் காட்டி, இரண்டு கேள்வி கேளுங்கள். கேட்டால் புரிகிறது, படித்தால் மட்டும் வரவில்லை என்றால் சிக்கல் எழுத்தில். கேட்டும் புரியவில்லை என்றால் காது, பேச்சு, சொல்வளம் ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எழுதி வைத்த பிழைகளைச் சேர்த்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். அடிக்கடி வருவது கொம்புக் குறி (ெ, ே, ை). ‘கெ’, ‘கே’, ‘கை’யில் குறி முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. ‘தொ’வில் எழுத்தின் இருபுறமும் குறி. கால் குறியை (ா) விட்டுவிட்டால் ‘தொடு’ ‘தெடு’வாகும், கொம்பை விட்டுவிட்டால் ‘தாடு’வாகும். இதற்கு ஒரே எழுத்தை வைத்துப் பழக்குவது நல்லது: த, தா, தெ, தொ என்று நான்கு அட்டை, கலைத்துக் கலைத்து. அது உறுதியான பிறகு ம, ப என்று மாற்றுங்கள்.

அடுத்தது மெய்யெழுத்து. வகுப்பில் ‘ல்’லுக்கு ‘இல்’ என்று சொல்லிக்கொடுப்பதால், எழுத்துக்கூட்டும் பிள்ளை ‘பால்’ என்பதை ‘பா-இல்’ என்று படித்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். ‘பாஆஆல்’ என்று இழுத்து, மூச்சை விடாமல் சேர்த்துக் காட்டினால் சில நாளில் பிடிபடும். ‘பகல்’, ‘தங்கம்’, ‘கடல்’ மூன்றிலும் க மூன்று விதமாக ஒலிக்கிறது. இதை விதியாகச் சொல்லிப் பயனில்லை. தெரிந்த சொற்களில் பார்த்துப் பார்த்துத்தான் வரும்.

உகர வரிசையைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். சு, பு, யு, வு ஒரு மாதிரி. து, நு, லு, று இன்னொரு மாதிரி. மு, ரு, டு, ழு வேறு. வடிவம் ஒத்தவற்றைச் சேர்த்துப் படித்தால் சுமை குறையும். ல-ள-ழ, ர-ற, ந-ன-ண குழப்பம் எழுதும்போது வருகிற சிக்கல். வாசிப்பு ஓடத் தொடங்கும்வரை அதைத் தொட வேண்டாம்.

‘இருக்கிறது’ என்று இருப்பதைப் பிள்ளை ‘இருக்கு’ என்று படித்தால் அதட்டாதீர்கள். பொருள் புரிந்து தன் பேச்சுமொழியில் சொல்கிறது. அது நல்ல அறிகுறி.

இதற்கிடையே கண்ணும் காதும் பார்த்துவிட வேண்டும். புத்தகத்தைப் பார்த்துச் சரியாக எழுதி, கரும்பலகையைப் பார்த்து மட்டும் தப்பாக எழுதினால் கண்ணைச் சந்தேகிக்கலாம். எழுத்து தெரியாத பிள்ளைக்கு எழுத்து அட்டையைக் காட்டிச் சோதிப்பதில் பொருளில்லை. பட அட்டையோ, ஆங்கில ‘E’ எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று திசை காட்டச் சொல்லும் அட்டையோ வேண்டும் என்று கேளுங்கள். அடிக்கடி சளி, காதில் சீழ் என்றிருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கேட்கும் திறன் சோதனை அவசியம்.

ஆசிரியரைப் பார்க்கப் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று பிடிக்காதீர்கள். நேரம் கேட்டுக்கொண்டு, பிழைகளை எழுதி வைத்த பிழைத்தாளோடு போங்கள். ‘எப்படிப் படிக்கிறான் மிஸ்?’ என்றால் ‘கொஞ்சம் கவனம் பத்தல’ என்பதோடு முடியும். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் 1 முதல் 3 வகுப்புவரை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருக்கிறார்கள். பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது, அதில் எது வரவில்லை, வீட்டில் எந்தப் பக்கத்தைப் பழக்கலாம் என்று கேளுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்ற படிநிலைகளில் இருக்கின்றன. ‘நுழை’யிலிருந்தே எடுங்கள், வயதைப் பார்த்து மேல்படிக்குத் தாவ வேண்டாம்.

வீட்டுப் பயிற்சி ஒரு நாளைக்கு 15 நிமிடம், அதற்கு மேல் கூடாது. அட்டைக்கு 5, சொல்லுக்கும் வரிக்கும் 5, நீங்கள் வாசித்துக் காட்ட 5. தப்பாகப் படித்தால் மூன்று நொடி பொறுங்கள், பிறகு அந்தக் காலையோ கொம்பையோ விரலால் காட்டுங்கள், சொல்லைச் சொல்லிவிடாதீர்கள். ஒரு வரியில் மூன்று நான்கு இடத்தில் தட்டினால் புத்தகம் கடினம், எளிதானதாக மாற்றுங்கள். பயிற்சி கெட்டுப்போவது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் உட்கார வைப்பதாலும், அண்ணனையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ ஒப்பிட்டுப் பேசுவதாலும்தான்.

வாரம் ஒரு முறை தேதி போட்டுப் பிழைத்தாள் எழுதுங்கள். மூன்று மாதம் விடாமல் செய்தும் அதே பிழைகள் அப்படியே இருந்தாலோ, குடும்பத்தில் வேறு யாருக்காவது இதே சிரமம் இருந்திருந்தாலோ காத்திருக்க வேண்டாம். தலைமையாசிரியர் மூலம் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரைக் கேளுங்கள். வாசிப்பிலும் எழுத்திலும் மட்டும் சிரமம் தரும் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இல் இடம்பெற்றிருக்கிறது. சான்றிதழுக்கான முழு மதிப்பீட்டைப் பொதுவாக 8 வயதை ஒட்டித்தான் செய்வார்கள், உதவி தொடங்க அதுவரை பொறுக்கத் தேவையில்லை. பின்னாளில் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும்.

தனியாரிடம் மதிப்பீட்டுக்குப் போவதென்றால், நேரம் குறிக்கும் முன்பே ‘தமிழில் வாசிக்க வைத்துப் பார்ப்பீர்களா?’ என்று கேளுங்கள். தமிழ்வழிப் பிள்ளையை ஆங்கிலத் தாளால் மட்டும் அளந்தால் முடிவு தவறாக வரக்கூடும். போகும்போது தேதி போட்ட பிழைத்தாள்கள், இந்த ஆண்டின் பள்ளி நோட்டுகள், கண், காது சோதனை முடிவுகள், பிள்ளை எந்த வயதில் பேசத் தொடங்கியது என்ற குறிப்பு ஆகியவற்றை ஒரே கோப்பில் போட்டு எடுத்துப் போங்கள்.