26 பேரும் ஒரு பெயர்ப் பட்டியலும்

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் எங்கள் சபைக்கு வியாழக்கிழமை சாயங்காலம் வேதபாட வகுப்பு உண்டு. எருசலேம் போக வேண்டும் என்ற பேச்சு அங்கேதான் கிளம்பியது. 2021 தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய், 20 மாதம் என்று ஒரு சீட்டு ஆரம்பித்தோம். தமிழ்நாட்டில் குடியிருப்பவர்களுக்கு இந்தப் பயணத்துக்கு அரசு மானியம் இருக்கிறது. பெங்களூருத் தமிழர்களுக்கு அது பொருந்தாது, அதனால் சீட்டுதான் கதி.

போதகர் ஐயா ஒரு நிபந்தனை போட்டார். ஏற்கெனவே போய் வந்த பலரும் யோர்தான் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்து தருவார்கள், போட்டோ காட்டுவார்கள். இது எந்த இடம் என்று கேட்டால் “எல்லாம் மலைதான்” என்பார்கள். “அப்படிப் போகிறதாக இருந்தால் நான் வரவில்லை. ஆளுக்கு ஓர் இடம் எடுத்துப் படியுங்கள். அந்த இடத்தில் நின்று பத்து நிமிஷம் நீங்களே பேச வேண்டும், கைடு பேசக்கூடாது” என்றார். சரி என்று சீட்டுக் குலுக்கிப் போட்டோம். தையல்கார அக்காவுக்கு கப்பர்நகூம் வந்தது, எனக்கு மோசே வாக்குத்தத்த தேசத்தைப் பார்த்த நேபோ மலை. கேஜிஎஃப் என்கிற கோலார் தங்க வயல் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தாத்தாவுக்கு எசேக்கியாவின் சுரங்கம் வந்தபோது சிரிக்காதவர் இல்லை.

பட்டியல் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. மொத்தம் 26 பேர். அதில் ஒன்பது பேருக்கு பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர்தான், சர்நேம் கட்டம் காலி. நம் ஆட்களுக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் ஏது? விமான டிக்கெட் போடும் சாப்ட்வேருக்கு அது புரியாது. பயண ஏஜென்ட் சிலருக்குப் பெயரையே இரண்டு முறை போட்டுச் சமாளித்தார்.

டிக்கெட் அபுதாபி வழியாக. 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களை ஐக்கிய அரபு எமிரேட்ஸ் உள்ளே விடாது என்று செய்தி வந்தது. வாட்ஸ்அப்பில் அது எங்களிடம் வந்து சேர்ந்தபோது இரவு பத்தரை. மறுநாளே ஐந்து பேர், அப்பா பெயரை சர்நேமாகச் சேர்த்து பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்ய விண்ணப்பித்துவிட்டார்கள். இரண்டொரு நாளில் விளக்கம் வந்தது: பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும். அதுவும் அந்த நாட்டுக்குள் விசிட் விசாவில் நுழைகிறவர்களுக்கான விதி. நாங்களோ விமானம் மாறப் போகிறவர்கள். ஒரு வாரம் பொறுத்திருந்தால் ஒன்றும் செய்திருக்க வேண்டியதில்லை. பாஸ்போர்ட் எண் மாறியதால் அந்த ஐந்து பேருக்கும் டிக்கெட், காப்பீடு, விசாப் படிவம் எல்லாவற்றையும் திரும்பத் திருத்தினோம். யாரையும் குறை சொல்ல முடியாது, அவசரப்படுத்தியதே நான்தான்.

வயசானவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லையே என்று பயந்துகொண்டிருந்தோம், அது வீண் பயம். அவர்கள் ஆதார், பான் மாதிரி ஒன்றையே பிறந்த தேதிக்கு ஆதாரமாகக் கொடுக்கலாம். முதல் முறை பாஸ்போர்ட் எடுத்த நான்கு பேரும் லால்பாக் ரோடு சேவா கேந்திரத்தில் இரண்டு மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டு எம்டிஆரில் காபி குடித்துவிட்டு வந்தார்கள்.

தையல்கார அக்காவின் விஷயம் வேறு. எட்டாம் வகுப்பு வரை படித்தவர், வயது 47. பத்தாவது தேறாதவர்களுக்கு பாஸ்போர்ட்டில் ‘இசிஆர்’ என்று ஒரு முத்திரை இருக்கும். வளைகுடா உள்ளிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஏமாற்றப்படாமல் இருக்க அரசு வைத்திருக்கும் ஏற்பாடு அது. வயது 50-ஐத் தாண்டியிருந்தால் அது கிடையாது. அந்த நாடுகளின் பட்டியலில் ஜோர்டானும் இருக்கிறது, எங்கள் முதல் நாடும் ஜோர்டான்தான். சுற்றுலாவுக்குப் போனால் தனி அனுமதி தேவையில்லை என்பதுதான் விதி. ஆனாலும் கவுன்டரில் நிற்கிறவருக்கு அதை நிரூபிக்க வேண்டுமே. திரும்பி வரும் டிக்கெட், ஓட்டல் பதிவு, இஸ்ரேல் விசா, சபையின் கடிதம் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு அக்கா கையில் கொடுத்தேன்.

2023 பிப்ரவரி. பெங்களூரு விமான நிலையத்தில் நாங்கள் எல்லோரும் தாண்டிவிட்டோம், அக்கா மட்டும் நிற்கிறார். “கெலசக்கெ ஹோக்தீரா?” என்று அதிகாரி கேட்டது எனக்கே காதில் விழுந்தது. வேலைக்குத்தான் போகிறாரோ என்ற சந்தேகம். அக்கா ஃபைலைத் திறக்கவே இல்லை. பையிலிருந்து வேதாகமத்தை எடுத்து, கப்பர்நகூமுக்காகத் தான் எழுதி வைத்திருந்த பதினாலு பக்க நோட்டை அவர் முன்னால் வைத்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நடுவில் ஒட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்தார். அப்புறம்தான் ஃபைலைக் கேட்டார், பார்த்தார், விட்டுவிட்டார்.

விசாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரிலேயே இஸ்ரேலின் துணைத் தூதரகம் இருக்கிறது, தெற்கத்திய ஆட்கள் டெல்லிக்கு அலைய வேண்டியதில்லை. வங்கிக் கணக்கு விவரம், வருமான வரித் தாக்கல், காப்பீடு, முகப்புக் கடிதம் என்று கேட்டார்கள். குழுவாகப் போட்டதில் அதிகக் கேள்வி வரவில்லை.

கேள்வியெல்லாம் எல்லையில் வந்தது. அம்மானில் இறங்கி, மேதேபாவில் ஆறாம் நூற்றாண்டு மொசைக் வரைபடத்தைப் பார்த்தோம். நேபோவில் என் பத்து நிமிஷம் பனிமூட்டத்தில் போயிற்று. மோசே பார்த்த தேசத்தில் ஒரு மரத்தைக்கூட என்னால் காட்ட முடியவில்லை. மறுநாள் யோர்தான் நதிமேல் உள்ள பாலம். ஜோர்டான்காரர்களுக்கு அது கிங் ஹுசைன் பாலம், அக்கரையில் இருப்பவர்களுக்கு ஆலன்பி. இந்தப் பக்க பஸ்ஸில் ஏறி அந்தப் பக்கம் இறங்க வேண்டும், பெட்டிகள் தனியாகப் போகும். மூன்றரை மணி நேரம் ஆனது.

இருபது வயசுகூட இருக்குமோ என்று தோன்றிய ஒரு பெண் கவுன்டரில் இருந்தாள். அவரவர் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர் என்று வரிசையாகக் கேட்டாள். கேஜிஎஃப் தாத்தா பாதியில் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“தம்பி, தாத்தா பேரு கேக்குது இந்தப் பாப்பா. எந்தப் பேரைச் சொல்ல? ஞானஸ்நானத்துக்கு முந்தினதா, பிந்தினதா?”

வட ஆற்காட்டிலிருந்து தங்க வயலுக்கு வந்து சேர்ந்த தாத்தாவின் தாத்தாவுக்கு அங்கேதான் ஞானஸ்நானம். பழைய பெயரைத்தான் வீட்டில் எல்லோரும் சொல்வார்களாம். எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. கடைசியில் அவர் இரண்டையும் சேர்த்துச் சொன்னார். அந்தப் பெண் தட்டச்சு செய்ய முயன்று, விட்டுவிட்டு, நீல அட்டையை நீட்டினாள். பெஞ்சில் காத்திருந்த போதகர் ஐயா, “எஸ்றா இரண்டாம் அதிகாரத்தை எடுங்கள்” என்றார். பாபிலோனிலிருந்து திரும்பி வந்த ஆசாரியர்களில் சிலர் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடியும் கிடைக்காமல் விலக்கப்பட்ட கதை அங்கேதான் இருக்கிறது. வகுப்பில் பெயர்ப் பட்டியல் என்று நாங்கள் தாண்டிப்போன அதிகாரம் அது.

அந்த நீல அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. இஸ்ரேலில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை, இந்தச் சின்ன அட்டைதான் சாட்சி. அதைக் காட்டினால் வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஓட்டலில் மதிப்புக்கூட்டு வரி கிடையாது. எங்களில் ஒருவர் அதைப் பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு பெத்லெகேம் ஓட்டலில் இரண்டு பெட்டிகளைக் கொட்டித் தேடினார்.

எருசலேமில் எசேக்கியாவின் சுரங்கத்துக்குப் போன காலையைச் சொல்லாமல் இருக்க முடியாது. மேலே சில்வான், பாலஸ்தீனக் குடும்பங்கள் வசிக்கும் பகுதி, கொடியில் துணி காய்கிறது. கீழே கீகோன் ஊற்று. அசீரிய ராஜா சனகெரிப் முற்றுகையிட வருகிறான் என்றபோது, ஊற்றுத் தண்ணீரை நகரத்துக்குள் கொண்டுவர பாறையைக் குடைந்த வாய்க்கால் அது. 2 நாளாகமம் 32-இல் இருக்கிறது. நீளம் 533 மீட்டர். தண்ணீர் வேண்டாம் என்கிறவர்களுக்குப் பக்கத்திலேயே உலர்ந்த பாதை உண்டு. ஒன்பது பேர் அதில் போனார்கள். தாத்தாவுக்கு 71 வயது, அவரையும் அதில் அனுப்பிவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். “நான் மூவாயிரம் மீட்டர் ஆழத்துல ஷிஃப்ட் பாத்தவன்” என்று வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார்.

ஆரம்பத்தில் தொடை வரை குளிர்ந்த தண்ணீர், அப்புறம் முழங்காலுக்கு இறங்கியது. தோள் இரண்டும் சுவரில் உரசும். போதகர் ஐயா உயரம், இரண்டு இடத்தில் இடித்துக்கொண்டார். பாதி வழியில் தாத்தா நின்றார். டார்ச்சை எல்லாம் அணைக்கச் சொன்னார். அந்த இருட்டிலேயே பேச ஆரம்பித்தார். இரண்டு முனையிலிருந்தும் இரண்டு கூட்டம் வெட்டிக்கொண்டு வந்தது, மூன்று முழம் பாக்கி இருக்கும்போது ஒருவன் குரல் அடுத்தவனுக்குக் கேட்டது, கோடாரிக்கு எதிரே கோடாரி விழுந்தது, தண்ணீர் ஓடியது. இது 1880-இல் இந்தச் சுரங்கத்துச் சுவரில் கிடைத்த எபிரெயக் கல்வெட்டில் இருக்கிறது. கல்வெட்டு இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில்.

இவ்வளவும் நோட்டில் எழுதி வந்தது. நோட்டில் இல்லாததை டார்ச்சைப் போட்ட பிறகு சொன்னார். சுவரில் உளி வெட்டுகளைத் தடவிக் காட்டினார். “இங்க பாருங்க, கொத்து இந்தப் பக்கம் சாஞ்சிருக்கு. ரெண்டு எட்டு வைங்க, எதிர்ப்பக்கம் சாயுது. இதான் சந்திப்பு. கொஞ்சம் முன்னால வளைஞ்சு வளைஞ்சு போகுதே, அது வழி தவறினது இல்ல. சத்தத்தைத் தேடிப் போயிருக்கான். பாறைக்குள்ள சத்தம் எங்கிருந்து வருதுன்னு காது ஏமாத்தும்.” 533 மீட்டருக்கு ஏறக்குறைய ஓர் அடி இறக்கம்தான் என்று கைடு பின்னாலிருந்து சொன்னபோது தாத்தா நம்பவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டார். பின்னால் வந்த இன்னொரு குழு நகரச் சொல்லிக் கத்தியது. நகர்ந்தோம். கோலார் தங்க வயல் மூடியது 2001 பிப்ரவரி 28-இல். அதற்குப் பிறகு பூமிக்குள் இறங்கியதில்லை என்று சுரங்கம் முடியும் சீலோவாம் பக்கம் வெளிச்சத்துக்கு வந்த பிறகு சொன்னார்.

மற்ற நாட்களை எழுதினால் நீளும். கப்பர்நகூமில் வெள்ளைக் கல் ஜெப ஆலயத்துக்கு அடியில் கறுப்புக் கல் அஸ்திவாரம் தெரிவதை அக்கா ‘லைனிங்’ என்று விளக்கினார், இதைவிட நன்றாக யாரும் சொல்ல முடியாது. ஒலிவ மலையில் கர்த்தருடைய ஜெபம் தமிழில் இருக்கும் பலகை முன்னால் அரை மணி நேரம் போட்டோ எடுத்தார்கள், ஐயா கோபித்துக்கொண்டார். 1918-இல் மைசூர் சமஸ்தானக் குதிரைப்படையான மைசூர் லான்சர்கள் சண்டையிட்ட ஹைஃபாவில் அரை நாளாவது ஒதுக்கியிருக்கலாம். ஜே.சி. நகரில் அவர்கள் நினைவுச் சின்னத்தைத் தினமும் தாண்டிப் போகிறவர்கள் எங்கள் குழுவிலேயே மூன்று பேர்.

திரும்பி வந்தும் என் வேலை முடியவில்லை. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்குக் கட்டணத்தின்மேல் 5 சதவீதம் டிசிஎஸ் என்று முன்கூட்டியே வரியாக அப்போது பிடித்தார்கள், பான் இல்லாதவர்களுக்கு இரட்டிப்பு. வருமான வரித் தாக்கல் செய்தால் வரி கட்ட வேண்டாதவர்களுக்கு அது திரும்பக் கிடைக்கும். ஜூலையில் சபை ஹாலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பதினோரு பேருக்குத் தாக்கல் செய்தேன். அக்காவுக்குப் பணம் வந்ததும் இரண்டாவது குழுவின் சீட்டில் தன் தங்கை பெயரில் கட்டிவிட்டார்.

இரண்டாவது குழு நவம்பரில் போவதாக இருந்தது. 2023 அக்டோபர் 7-இல் இஸ்ரேல்மீது ஹமாஸ் நடத்திய தாக்குதலுக்குப் பிறகு எல்லாம் நின்றது. அட்வான்ஸில் பாதி திரும்பி வந்தது, மீதியைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். வகுப்பு வியாழக்கிழமை நடக்கிறது. எஸ்றா இரண்டாம் அதிகாரத்தை இந்த முறை ஒரு பெயர் விடாமல் வாசித்தோம்.