கச்சானில் காயும் மூடுபனி

ஜூன் 3, செவ்வாய். உப்புவெளி, திருகோணமலை

புதுக் கன்வஸ், 24க்கு 36 அங்குலம். தண்ணியில் கரைக்கும் அக்ரிலிக் நிறத்தில் வரையவேண்டியது ஹட்டன் பக்கத்துத் தேயிலைச் சரிவு: விடிகாலை மூடுபனி, நடுவில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயம், முன்னால் கொழுந்து பறிக்கும் மூன்று பெண்கள்.

துணி கனமான காடா. சட்டத்தின் முன்பக்கத்தை உள்நோக்கிச் சரிவாகச் சீவித் தரும்படி தச்சரிடம் முதலே சொல்லிவிட வேண்டும். சீவாத சட்டத்தில் துணி உள்விளிம்பைத் தொட்டுக்கொண்டே இருக்கும். நாலைந்து பூச்சு ஏறியதும் வானத்தின் நாலு பக்கமும் சட்டத்தின் கோடு தெரியும். மூடுபனிப் படத்துக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. ஆணி அடிப்பது நடுவிலிருந்து மூலைக்கு, எதிரெதிர்ப் பக்கமாக, 2 அங்குல இடைவெளியில். மூலையில் தொடங்கினால் சுருக்கம் நடுவில் வந்து சேரும், பிறகு எடுபடாது.

அடிப்பூச்சு ஜெஸ்ஸோ, மெல்லியதாக மூன்று தரம். ஒன்று நெட்டுக்கு, அடுத்தது குறுக்கே. ஒவ்வொன்றும் காய்ந்தபின் 220 இலக்கச் சாண்ட் பேப்பரால் இலேசாக ஒரு தேய்ப்பு. சுவருக்கு அடிக்கும் மலிவு இமல்ஷனையே அடிப்பூச்சாக்குகிறவர்கள் உண்டு. அதில் சுண்ணத்தூள் அதிகம், பிசின் குறைவு. காய்ந்ததை விரலால் தேய்த்தால் மாவாக வரும். மேலே எவ்வளவு நல்ல நிறம் பூசினாலும் அது பிடித்துக்கொண்டு நிற்பது அந்த மாவைத்தான்.

ஜூன் 5, வியாழன்

தண்ணி. ஊரின் பெயரிலேயே உப்பு இருக்கிறது, கிணற்றிலும் இருக்கிறது. அந்தத் தண்ணியில் கரைத்த நிறம் காய்ந்ததும் இருண்ட இடங்களில் வெள்ளைப் படர்வாக உப்பு பூக்கும். காற்றில் ஈரம் ஏறும் நாளில் அதே இடம் பிசுபிசுக்கும். கொதிக்கவைத்தால் சரியாகும் என்பது தவறு. ஆவியாகிப் போவது தண்ணி மட்டும்தான், மிஞ்சும் தண்ணியில் உப்பு கூடத்தான் செய்யும். மழைத்தண்ணி நல்லது. அது இல்லாத காலத்தில் பெற்றோல் ஷெட்டில் பற்றரிக்கு ஊற்ற விற்கும் காய்ச்சி வடித்த தண்ணி. ஒரு போத்தல் ஒரு படத்துக்குத் தாராளம், பிரஷ் கழுவக் கிணற்றுத்தண்ணி போதும். கடைசி அலசல் மட்டும் போத்தல் தண்ணியில்.

கடல் பக்க ஜன்னல் திறந்திருந்த இரவுக்கு மறுநாள், கன்வஸை நல்ல தண்ணியில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒருதரம் துடைத்துவிட்டுத்தான் அடுத்த பூச்சு.

ஜூன் 9, திங்கள்

கச்சான் எழும்பிவிட்டது.

தென்மேல் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் மோதி, கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன் பக்கமெல்லாம் மழையும் மூடுபனியுமாகக் கொட்டித் தீர்க்கிறது. ஈரம் தீர்ந்த காற்று மறுபக்கம் இறங்குகிறது. இறங்க இறங்கச் சூடேறுகிறது. திருகோணமலைக்கு வரும்போது அதற்குக் கச்சான் என்று பெயர். அங்கே மூடுபனியைக் கொண்டுவந்த அதே காற்று, இங்கே அந்த மூடுபனியை வரையும் அக்ரிலிக்கைத் தட்டில் வைத்தே தோலாக்குகிறது. மென்மையாகக் கரைய வேண்டிய ஓரம் அரை நிமிடத்தில் கத்திவெட்டாக நின்றுவிடும்.

செய்யக்கூடியவை: மேற்கு ஜன்னலைச் சாத்துவது. காலை 5.30 முதல் 8.30 வரை மட்டும் மூடுபனி வேலை. காற்று ஏறியபின் லயம், கல், மரம் போன்ற கூரான ஓர வேலை. தட்டில் ஈரத்துணியை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் கேக் சுடும் பேப்பரை விரித்து நிறம் வைத்தால் மூன்று மணிநேரம் தாங்கும். மெழுகு பூசிய எண்ணெய்த்தாள் ஆகாது, ஈரம் மேலே வராது. காய்வதைத் தாமதிக்க நிறத்தில் கலக்கும் ரிட்டார்டர் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. கூடினால் அடுத்த நாளும் ஒட்டும், அதன்மேல் பிரஷ் போனால் அடிப்படலம் உரிந்துகொண்டு வரும்.

நேர்மாறான தொல்லை மலையில் இருக்கிறவர்களுக்கு. 10 பாகை செல்சியசுக்குக் கீழே அக்ரிலிக்கின் பிசின் ஒன்றோடொன்று சேர்ந்து படலமாகாது. நுவரெலியாவில் மார்கழி, தை விடியலில் வெளியே உட்கார்ந்து பூசினால் காய்ந்தது போலத் தெரியும். பிறகு பொடியாக உதிரும்.

ஜூன் 14, சனி

தூரம் காட்டும் வேலை. பழக வந்தவர்கள் மூடுபனி என்றதும் வெள்ளையை எடுக்கிறார்கள். மூடுபனி என்பது வெள்ளை நிறமல்ல. இருளுக்கும் வெளிச்சத்துக்கும் இடையிலுள்ள வித்தியாசம் குறைவது. கறுப்பு 1, வெள்ளை 10 என்று வைத்தால் இந்தப் படத்தின் கணக்கு: வானம் 9, கடைசி மலை 8, அதற்கு முந்தியது 7, நடுச்சரிவு 5, லயம் 4, முன் தேயிலை 2 முதல் 3. இதில் ஒரு படி குழம்பினால் மலை முன்னுக்கு வந்து லயத்தின்மேல் உட்கார்ந்துகொள்ளும்.

கண்ணைப் பழக்க மலைக்குப் போகத் தேவையில்லை. விடியலில் கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் தெரியும் மூதூர்க் கரையைப் பார்த்தால் போதும்: கரை மரத்தின் பச்சை எங்கே நீலச்சாம்பலாகிறது, எந்த இடத்தில் ஓரம் இல்லாமல் போகிறது. ஒரு வித்தியாசம் உண்டு. கடலின் புகைமூட்டத்துக்கு மேல் எல்லை கிடையாது. மலை மூடுபனி பள்ளத்தில் தேங்கும், அதற்கு மேல்விளிம்பு உண்டு. ஆகவே தூரத்து மலையின் உச்சிதான் இருட்டு, அடி வெளிறல். இதைத் தலைகீழாகப் போட்ட படங்களில் மலை மிதக்காமல் வெறும் கூம்பாக நிற்கும்.

போன் படத்தை நம்ப வேண்டாம். கமரா தானாகவே தூரத்து மலையின் இருளைக் கூட்டி, நீலத்தைக் கழுவிவிடுகிறது. நமக்கு வேண்டிய இரண்டையும் அதுவே அழித்துவிடுகிறது.

ஜூன் 15, ஞாயிறு

அக்ரிலிக் ஈரத்தில் வெளிறலாகவும் காய்ந்தால் ஒரு படி இருளாகவும் தெரியும், அடர்நிறங்களில் அதிகம். ஈர நிறத்தைக் காய்ந்த நிறத்தோடு ஒப்பிட்டுக் கலக்கக்கூடாது. ஒவ்வொரு கலவையையும் துண்டுக் கன்வஸில் தடவிக் காயவைத்து, எண் எழுதி வைத்தாயிற்று. பதினொரு துண்டு.

ஜூன் 21, சனி

தேயிலைப் பச்சை. குழாயில் வரும் பச்சையை அப்படியே வைத்தால் பிளாஸ்டிக் வாளி மாதிரி இருக்கும். முதிர்ந்த இலைக்கு அல்ட்ராமரின் நீலமும் யெலோ ஓக்கரும் சரிபாதி, பேர்ன்ட் சியன்னா கடுகளவு. கொழுந்துக்கு லெமன் மஞ்சளில் மிகச் சிறிது நீலம், அதுவும் செடியின் மேல் மட்டத்தில் மட்டும். பக்கவாட்டில் கொழுந்து நிறம் வைத்தால் தேயிலை பூந்தோட்டப் பற்றையாகிவிடும். பறித்துப் பறித்து மேல்மட்டம் மேசை போல இருக்க வேண்டும்.

நிரைகள் சரிவைச் சுற்றி வளைந்து போகின்றன, குறுக்கே மழைத்தண்ணி ஓடக் கான் வெட்டியிருக்கும். மேலிருந்து கீழே நேர்கோடாகப் போட்டால் உழுத வயல். ஒரு மூலையில் கவ்வாத்து வெட்டிய மலை ஒரு துண்டு வைத்தால் நல்லது: இலையில்லாத மண்ணிறக் கொம்புகள். எல்லா இடமும் பச்சையாக இருக்கும் தேயிலைமலை கலண்டரில்தான் உண்டு.

ஜூன் 28, சனி

உருவங்கள். கலண்டர்ப் பெண்களை மறக்க வேண்டும்: சிரிப்பு, சிவப்புச் சேலை, முதுகில் பூக்கூடை போல ஒரு கூடை. உண்மையில் கூடையின் கயிறு நெற்றிக்கு மேலே உச்சியில் மடித்த துணியின்மேல் கிடக்கிறது. பாரம் கழுத்தில் இறங்குகிறது. அதனால் தலை முன்னே தள்ளி, நாடி சற்றுத் தாழ்ந்து, காதுக்குக் கீழே நரம்பு இழுபட்டு நிற்கும். கூடையைத் தோளில் மாட்டியது போல வரைந்தால் அந்த நரம்புக்குக் காரணம் இல்லாமல் போகிறது. இரண்டு கைகளும் மட்டத்தின்மேல். இடுப்புக்குக் கீழே செடி மறைத்துவிடும், தெரிகிற இடத்தில் சேலையல்ல, இடுப்பில் சுற்றிய படங்குத் துணி.

பல தோட்டங்களில் நாளுக்கு 18 கிலோ கேட்கிறார்கள், ஆனால் ஒரே கூடையில் அவ்வளவும் இருக்காது. இடையிடையே நிறுத்துக் கொட்டிவிடுவார்கள். விடிகாலைப் படத்தில் கூடை கிட்டத்தட்ட வெறுமை. நிரம்பி வழிந்தால் நேரம் பிழை.

கோடு போட்டு வரைவதா என்றொரு கேள்வி. கண்டியில் 1901இல் பிறந்து, ஓவியப் பள்ளிக்குப் போகாமல் தானே பழகி, இலங்கை நவீன ஓவியர்களின் 43 குழுவில் தொடக்ககால உறுப்பினரான ஜோர்ஜ் கீற்றின் படங்களில் எல்லாவற்றையும் தாங்குவது கோடுதான். ஆனால் கோடு விழுந்த இடம் முன்னுக்கு வரும். ஆகவே இந்தப் படத்தில் கோடு மூன்று பெண்களுக்கு மட்டும். லயத்துக்கே கிடையாது.

ஜூலை 6, ஞாயிறு

லயத்தின் முன்திண்ணையான இஸ்தோப்பும் அடுப்புக் காம்பராவும் இருட்டாக வேண்டும். ஜோர்ஜியா நாட்டு ஓவியர் நிக்கோ பிரோஸ்மானி, அவரும் தானே பழகியவர், கறுப்பு எண்ணெய்த்துணியில் வரைந்து, இருட்டு வேண்டிய இடத்தில் துணியை அப்படியே விட்டுவிடுவார். அந்த முறையைத் தனித்துண்டில், கறுப்பு ஜெஸ்ஸோமேல் பார்த்தாயிற்று. முதல் முயற்சி கெட்டது. அல்ட்ராமரினும் சியன்னாவும் ஒளி ஊடுருவும் நிறங்கள். கறுப்பின்மேல் விழுங்கப்பட்டுக் காணாமல் போயின. தகரக் கூரையின் துருவுக்கு முதலில் டைட்டேனியம் வெள்ளை கலந்த ஓக்கரால் அடி போட்டு, காய்ந்தபின் சியன்னாவை மெல்லப் படரவிட்டதும் துரு வந்தது. கதவுவாசல் மட்டும் வெறும் கறுப்பு. பெரிய படத்தில் அந்த வாசலுக்குக் கறுப்பைக் குறைத்து, ஜூன் 14 கணக்கில் 3ஆம் படியில் வைக்க வேண்டும், இடையில் மூடுபனி இருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

மூடுபனி. சிங்க் வெள்ளை ஒரு பங்கு, நிறத்தை ஊடுதெரியும்படி மெலிதாக்கும் கிளேசிங் மீடியம் எட்டுப் பங்கு. டைட்டேனியம் இதற்கு ஆகாது, சுண்ணாம்பு அடித்தது போல மூடிவிடும். வெறும் தண்ணியால் கரைத்தால் பிசின் பிரிந்து தூளாகும். 2 அங்குல மெல்லிய பிரஷால் பூசி, உடனே இன்னொரு காய்ந்த பிரஷால் ஓரத்தை மேல்நோக்கி நீவ வேண்டும். கச்சானில் அதற்குக் கிடைப்பது அரை நிமிடம். ஒரே படலத்தில் மென்மை வராது என்று ஏற்றுக்கொண்டு ஏழு படலம். ஒவ்வொன்றின் ஓரத்தையும் முந்தையதிலிருந்து ஒரு விரல் கூட்டியோ குறைத்தோ நிறுத்தினால், ஏழு கூர் ஓரங்கள் சேர்ந்து ஒரு மென்மையான ஓரமாகத் தெரியும்.

நாலாவது படலத்தில் இடது பக்கம் திட்டு விழுந்தது. முந்தையது காயுமுன் பிரஷ் திரும்பவும் போனதுதான் காரணம். ஈரமாயிருக்கையில் துடைத்திருந்தால் போயிருக்கும், காய்ந்துவிட்டது. அந்த இடத்தில் ஒரு கிரவீலியா மரத்தை 6ஆம் படியில், கிளை பாதி தெரிய வைத்தாயிற்று. மரத்தின் அடி மட்டும் இன்னும் கறுப்பு. நாளைக் காலை 5.30க்கு எட்டாவது படலம் அங்கே மட்டும்.